முட்டைக் காவலர் ஓட்டுக் கேட்டு வந்தார்

ஒரு காட்டில் தேர்தல் வந்தது. இடி இடித்து மழை கொட்டினால்கூட அந்தக் காட்டில் அவ்வளவு சத்தம் இருக்காது. பழைய தலைவரான கிழக்கரடிக்குக் கண் மங்கிப் போய்விட்டது. "எனக்குப் போதும், வேறு ஆளைப் பாருங்கள்" என்று குகைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

போட்டிக்கு நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஆமை. நல்ல பிராணிதான், ஆனால் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடிப்பதற்குள் கேட்பவர்கள் மேய்ந்துவிட்டு வந்துவிடலாம். இன்னொருவர் கீரி வேலப்பன். வாலைச் சிலிர்த்துக்கொண்டு நின்றால் பார்க்கிறவர்களுக்கே ஒரு தைரியம் வரும். நாகப்பாம்போடு நேருக்கு நேர் நின்று சண்டை போட்டவன். அதில் பொய் இல்லை, குழந்தைகளே. பொய் வேறு இடத்தில் இருந்தது.

கிளிகளுக்கு வேலப்பன் கொய்யாப்பழம் கொடுத்திருந்தான். அவை மரத்துக்கு மரம் தாவித் தொண்டை கிழியக் கத்தின.

"பாம்பை வென்ற கீரியாருக்கே உங்கள் ஓட்டு! முட்டைகளின் காவலருக்கே உங்கள் ஓட்டு!"

காய்ந்த ஓடைக்கரையில், கூழாங்கற்களுக்கு நடுவே, முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த அஞ்சலைக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் உடம்பெல்லாம் எரிந்தது.

அஞ்சலை ஓர் ஆள்காட்டிக் குருவி. ஆள்காட்டிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறும் தரையில், கல்லோடு கல்லாக முட்டையிடும். முட்டையும் கல்லைப் போலவே புள்ளி புள்ளியாக இருக்கும். பக்கத்தில் யார் வந்தாலும் கத்தி ஊரைக் கூட்டிவிடும். அஞ்சலைக்கு இயல்பிலேயே கொஞ்சம் கோபம் அதிகம். போன வருஷத்துக்குப் பிறகு அது இன்னும் அதிகமாகிவிட்டது.

போன வருஷம் இதே வேலப்பன் ஒரு தொழில் நடத்தினான். முட்டைக் காவல். காடை, கௌதாரி, மயில், ஆள்காட்டி என்று தரையில் முட்டையிடும் பறவைகள் எல்லாம் இரை தேடப் போகும்போது அவன் முட்டைகளுக்குக் காவல் இருப்பான். கூலி, தினமும் காலையில் ஒரு வெட்டுக்கிளி. பாம்புக்குப் பயந்த தாய்மார்கள் எல்லாரும் அவனிடம் போனார்கள். அஞ்சலையும் போனாள்.

ஒருநாள் அவள் திரும்பி வந்தபோது கூடு காலியாக இருந்தது. வேலப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னத்தம்மா சொல்லுவேன்! முன்பக்கம் ஒரு பாம்போட கட்டிப் புரண்டுக்கிட்டு இருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பின்பக்கமா இன்னொண்ணு வந்திருச்சு" என்று தேம்பினான். கண்ணீர்கூட வந்தது. "பாம்பு பெருகிப் போச்சும்மா. இனிமே ரெண்டு வெட்டுக்கிளியாக் குடு. ராவெல்லாம் முழிச்சுக் கெடக்குறேன்."

அஞ்சலை அழுதுகொண்டே இரண்டாகக் கொடுத்தாள். அடுத்த முறை இட்ட முட்டைகளும் போயின. காடைக்கும் போயின. மயிலுக்கும் போயின. கொஞ்சம் தள்ளியிருந்த கரட்டுப்பாறை அடியில் உடைந்த முட்டை ஓடுகள் கிடந்தன. பாறையின் மேல் மஞ்சள் கரு தெறித்துக் காய்ந்திருந்தது. "இது என்னண்ணே?" என்று அவள் கேட்டதற்கு, "பாம்பு தின்னுட்டு ஓட்டைத் துப்பியிருக்கு" என்றான் வேலப்பன், வாய் கூசாமல்.

அந்த நேரத்துத் துக்கத்தில் அஞ்சலை அதை நம்பிவிட்டாள். பிறகுதான் ஒவ்வொன்றாக யோசனை வந்தது. பாம்பு முட்டையை முழுதாக அல்லவா விழுங்கும்? பாறையில் எதற்குக் கறை? பாம்புக்குக் கை ஏது, எடுத்து எறிய?

அவளுக்கு யோசனை வருவதற்குள் பறவைகளிடம் முட்டையும் தீர்ந்தது, பருவமும் முடிந்தது. வேலப்பன் கடையை மூடிவிட்டு, "மக்கள் பணிக்காகத் தொழிலையே துறந்துவிட்டேன்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டான். என்ன துணிச்சல் பாருங்கள்! தின்ன ஒன்றும் இல்லாமல் எழுந்தவன், துறவி ஆகிவிட்டானாம்!

இப்போது கிளி ஒன்று ஓடைக்கரை மரத்தில் வந்து உட்கார்ந்து வாக்குறுதியைப் படித்தது.

"கீரியார் தலைவரானால் காட்டிலுள்ள முட்டைகள் அத்தனையும் கரட்டுப்பாறை அடியில் ஒரே இடத்தில் வைக்கப்படும்! இரவு பகலாகக் கீரியாரே காவல் இருப்பார்! இனி எந்தத் தாய்க்கும் கவலை இல்லை!"

"குடுக்க மாட்டேன்னு சொன்னா?" என்று கேட்டாள் அஞ்சலை.

"அதெப்படிச் சொல்லுவீங்க? சட்டம்னு வந்துட்டா எல்லாருக்கும்தானே" என்றது கிளி.

அஞ்சலை தன் வயிற்றுக்கடியில் இருந்த நான்கு முட்டைகளையும் ஒருமுறை அலகால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பருவம் முடியப் போகிறது, இந்த வருஷம் அவளுக்கு வேறு முட்டை கிடையாது. வேலப்பன் ஜெயித்தால் இவற்றைத் தன் காலாலேயே உருட்டிக்கொண்டு போய் அவன் முன்னால் வைத்துவிட்டு வர வேண்டும்.

அன்று மாலையே வேலப்பன் கழுத்தில் காட்டுமல்லி மாலையோடு ஓட்டுக் கேட்டு வந்தான்.

"தங்கச்சி, நல்லா இருக்கியா? மாப்பிள்ளை சௌக்கியமா? இந்தத் தடவை எத்தனை முட்டை?" என்றான். கண் மட்டும் அவள் முகத்தில் இல்லை, வயிற்றுக்கடியில் இருந்தது.

"அதை நீங்க கேட்க வேண்டாம். நான் கேட்குறேன், சொல்லுங்க. போன வருஷம் என் முட்டையெல்லாம் எங்கே போச்சு?"

வேலப்பன் சிரித்தான். "பழசை எல்லாம் எதுக்கும்மா கிளறுற? அது வியாபாரம். வியாபாரம்னா லாப நட்டம் இருக்கத்தான் செய்யும். இப்ப நான் உங்க எல்லாருக்கும் வேலைக்காரன்."

"நட்டம் என்னுது. லாபம் யாருதுண்ணே?"

அவன் முகம் சற்றே சுருங்கியது. மாலையைச் சரிசெய்துகொண்டு அடுத்த புதருக்குப் போய்விட்டான். ஆனால் பின்னால் வந்த கிளி நின்று, தலையைச் சாய்த்துக்கொண்டு குழைந்தது.

"அக்கா, கீரியார் ஜெயிச்சா காவல் துறைக்கு நீங்கதான் தலைவி. நான் வாங்கித் தர்றேன். ஒண்ணே ஒண்ணு, நாளைக்குச் சபையில நீங்க எதுவும் கேட்காம இருக்கணும்."

"ஏன், கேட்டா என்ன?"

"ஒண்ணும் இல்லை. ஓட்டு நேரத்துல எதுக்கு இந்தப் பேச்செல்லாம்னுதான்."

அஞ்சலை கத்திய கத்தலில் கிளி இறகெல்லாம் உதிரப் பறந்தது. ஆனால் அவளுக்கு ஒன்று புரிந்துவிட்டது. நாகப்பாம்புக்கு அஞ்சாதவன் ஒரு கேள்விக்கு அஞ்சுகிறான்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. தேர்தலுக்கு முந்தின நாள் சபை கூடும். வேட்பாளரை யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். ஆனால் வெறுங்கையோடு வந்து கேட்கக் கூடாது, ஒரு பழம் கொண்டுவர வேண்டும். வேட்பாளர் அதைத் தன் கையாலேயே திறந்து, பாதியைக் கேட்டவருக்குக் கொடுத்து, மீதியைத் தான் தின்றுவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரே பழத்தைப் பகிர்ந்து தின்றவர்களுக்குள் சண்டை முற்றாது என்று அந்தக் காட்டார் நம்பினார்கள்.

"கேட்டு என்ன ஆகப் போகுது? பாம்புன்னுதான் மறுபடியும் சொல்லுவான்" என்றான் அஞ்சலையின் வீட்டுக்காரன் மருதன்.

"சொல்லட்டும். முதல்ல பழத்தைத் திறக்கட்டும். நீ முட்டையைப் பார்த்துக்க" என்று சொல்லிவிட்டு, அவள் காடைகளைத் தேடிப் போனாள்.

மறுநாள் சபை கரட்டுப்பாறை முன்னால் கூடியது. இடத்தைத் தேர்ந்தெடுத்ததே வேலப்பன்தான். முட்டைகளை எங்கே வைக்கப் போகிறேன் என்று எல்லாரும் பார்க்க வேண்டுமாம்! முட்டை உடைந்த இடத்திலேயே முட்டைக்குக் காவல் வைக்கப் போகிறான், அதையும் பார்த்துக் கூட்டம் கை தட்டுகிறது. அஞ்சலைக்கு அந்தப் பாறையைப் பார்க்கவே முடியவில்லை.

யானைப் பெரியவர் நடுவராக நின்றார். ஆமை ஒரு மூலையில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. அதைக் கேள்வி கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

முதலில் எழுந்தவள் முயல் பொன்னி. வேலப்பனுக்காக வளை வளையாகப் போய் ஓட்டுக் கேட்டவள். ஓர் அத்திப்பழத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

"கீரியாரே, இவ்வளவு பெரிய வீரரா இருந்தும் உங்களால எப்படி இவ்வளவு பணிவா இருக்க முடியுது?"

வேலப்பன் அத்திப்பழத்தைப் பிட்டுப் பாதியை அவளுக்குக் கொடுத்து, தான் பாதி தின்று, பணிவைப் பற்றி வெகுநேரம் பேசினான். கூட்டம் சொக்கிப்போய்க் கேட்டது.

அடுத்து அஞ்சலை வந்தாள். அவளுக்குப் பின்னால் காடைகள் எதையோ உருட்டிக்கொண்டு வந்தன. அது ஒரு விளாம்பழம். சின்னது, வெளுத்த ஓடு, கல்லைப் போல் கெட்டி.

"என்னம்மா, காட்டுல வேற பழமே கிடைக்கலையா?" என்றது நரி. எல்லாரும் சிரித்தார்கள்.

"எனக்குக் கிடைச்சது இதுதான். போன வருஷம் வெட்டுக்கிளி குடுத்தேன், இந்த வருஷம் பழம். பழத்தைத் திறங்கண்ணே, அப்புறம் கேள்வியைக் கேட்குறேன்" என்றாள் அஞ்சலை.

வேலப்பன் சிரித்த முகம் மாறாமல் பழத்தை எடுத்துக் கடித்தான். பல் வழுக்கியது. திருப்பிப் பிடித்துக் கடித்தான். மறுபடியும் வழுக்கியது. நரி களுக்கென்று சிரித்தது. உடனே கிளிகள் உற்சாகம் ஊட்ட ஆரம்பித்தன.

"உடைப்பார், உடைப்பார்! கீரியார் உடைப்பார்! பாம்பின் தலையை உடைத்தவர், பழத்தையா உடைக்கமாட்டார்!"

இவ்வளவு பெரிய வீரன் ஒரு பழத்தைத் திறக்க முடியாமல் தடுமாறினால் எப்படி இருக்கும்? வேலப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்ததும் புத்தி ஒதுங்கிக்கொண்டது, பழகிய கை வேலையைப் பார்த்தது.

அவன் சட்டென்று திரும்பிப் பாறைக்கு முதுகைக் காட்டி நின்றான். பழத்தை முன்னங்கால்களுக்குள் இடுக்கிக்கொண்டான். குனிந்து, பின்னங்கால்களுக்கு நடுவே ஓங்கி ஒரே எறி எறிந்தான். பழம் பாறையில் மோதிப் படீரென்று உடைந்தது. ஓடு சிதறிப் பாறையடியில் விழுந்தது, சதை தெறித்துப் பாறையில் ஒட்டிக்கொண்டது.

"பார்த்தீங்களா! ஒரே எறி!" என்று வேலப்பன் நிமிர்ந்தான்.

யாரும் கை தட்டவில்லை. காடைகள் பாறையைப் பார்த்தன. கௌதாரி பாறையைப் பார்த்தது. மயிலம்மாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் அழுகிறாளா கூவுகிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை.

"அண்ணே, என் கேள்வி இதுதான்" என்றாள் அஞ்சலை. "இப்படித் திரும்பி நின்னு, காலுக்கு நடுவுல எறிஞ்சு உடைக்கிறதை எங்க கத்துக்கிட்டீங்க?"

"எது? இதுவா? இது... எனக்குப் பழக்கம்."

"எதை எறிஞ்ச பழக்கம்?"

வேலப்பன் பின்னால் நகர்ந்து, பாறையில் ஒட்டியிருந்த சதையை வாலால் துடைக்கப் பார்த்தான்.

"அன்னிக்கு என் பிள்ளைங்க முட்டை ஓட்டைக் காட்டி, பாம்பு துப்பினதுன்னு சொன்னீங்களே, பாம்புக்கு இப்படி எறியத் தெரியுமா? சொல்லுங்க! என் வயித்துப் பிள்ளையைத் தின்னுட்டு, என் கையாலயே கூலியும் வாங்கித் தின்னு, என் முன்னாடியே உட்கார்ந்து அழுதீங்களே, அந்தக் கண்ணீர் எங்கேருந்து வந்துச்சு?"

யானைப் பெரியவர் தும்பிக்கையைத் தூக்கினார். "வேலப்பா, பதில் சொல்லணும். அதுதான் வழக்கம்."

இந்த இடத்திலாவது அவன் காலில் விழுந்திருக்கலாம். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டானா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்!

"இது எதிர்க்கட்சிச் சதி" என்றான். ஆமை தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடி இழுத்துக்கொண்டது. "சரி, ஒண்ணு ரெண்டு முட்டை முன்னப்பின்ன போயிருக்கலாம். தொழில்னா அப்படித்தான். அன்னிக்கு நான் வியாபாரி, இன்னிக்கு நான் தலைவன். வியாபாரம் வேற, அரசியல் வேற. தலைவனாகிட்டா எனக்கு எதுக்கு முட்டை?"

இதைக் கேட்டதும் அந்தச் சபை கொதித்து எழுந்திருக்க வேண்டும் அல்லவா? எழவில்லை, குழந்தைகளே! பறவைகள்தான் கொதித்தன. மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாருதான் தொழில்ல சுத்தம்?" என்றது நரி. அது அப்படித்தான் சொல்லும்.

"பாம்பு வந்தா யாரு நிப்பா? ஆமையா நிக்கும்?" என்றது ஒரு குரங்கு.

பொன்னி ஒருபடி மேலே போனாள். "அஞ்சலையக்கா, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா முட்டைக்காரங்க பிரச்சினையை எல்லாரும் தலையில தூக்கி வச்சுக்க முடியுமா? நாங்கல்லாம் முட்டையா போடுறோம்? குட்டி போடுறவங்களுக்கு இதுல என்ன வந்துச்சு?"

அஞ்சலை அவளைத் திரும்பிப் பார்த்தாள். இந்தத் தடவை கத்தாமல் மெதுவாகத்தான் பேசினாள்.

"பொன்னி, எங்க முட்டை எல்லாம் தீர்ந்து போச்சுன்னு வச்சுக்க. அப்புறம் இவர் பட்டினி கெடப்பாருன்னா நினைக்கிற?"

பொன்னி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் கண் தன்னை அறியாமல் ஈச்சம்புதர்ப் பக்கம் போயிற்று. அந்தப் புதருக்கடியில்தான் அவள் வளை. அன்றைக்குக் காலையில் பால் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு வந்த குட்டிகள் உள்ளே கிடந்தன. கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை.

அவள் பார்த்த திசையில் வேலப்பனும் பார்த்தான். ஒரே ஒரு நொடி. நாக்கு வெளியே வந்து மீசையைத் தொட்டுவிட்டு உள்ளே போனது.

பொன்னி அதைப் பார்த்துவிட்டாள்.

ஒரே தாவலில் கூட்டத்தைத் தாண்டி ஈச்சம்புதரை நோக்கி ஓடினாள். அதைக் கண்டதும் அணில் தன் பொந்துக்கு ஓடியது. எலி வளைக்கு ஓடியது. சபையே கலைந்துவிட்டது. வேலப்பன், "நில்லுங்க! நான் என்ன செஞ்சேன்? நான் சும்மாத்தான் பார்த்தேன்!" என்று கத்தியதைக் கேட்க யானையும் ஆமையும் அஞ்சலையும்தான் இருந்தார்கள்.

மறுநாள் ஓட்டு. அந்தக் காட்டில் ஓட்டுப் போடுவது என்றால், யாருக்கு ஓட்டோ அவர் பின்னால் போய் நிற்க வேண்டும். ஆமைக்குப் பின்னால் வரிசை ஓடைக்கரை வரை நீண்டது. பொன்னி குட்டிகளைத் தனியே விட்டுவர மனமில்லாமல், ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வந்து, கூடவே வைத்துக்கொண்டு நின்றாள். வேலப்பனுக்குப் பின்னால் நரியும் சில கிளிகளும் இருந்தன. கொய்யாப்பழம் இனி வராது என்று தெரிந்ததும் கிளிகளும் இந்தப் பக்கம் வந்து, "ஆமையாருக்கே ஓட்டு!" என்று கூச்சமே இல்லாமல் கத்தின.

வேலப்பன் அன்று வெயில் சாய்வதற்குள் காட்டைவிட்டுக் கிளம்பினான். போகும்போதும், "நல்லது செய்ய வந்தவனை விட மாட்டாங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனான். அஞ்சலை அவன் தலைக்கு மேல் பறந்தாள். எல்லை தாண்டும் வரை விடாமல் கத்தினாள். எல்லைக்கு அப்பால் இருக்கும் பறவைகளுக்கும் கேட்கட்டும் என்று இன்னும் உரக்கக் கத்தினாள்.

அவள் ஓடைக்கரைக்குத் திரும்பியபோது மருதன் முட்டைகளின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஜெயிச்சது யாரு?"

"ஆமை."

"ஆமை நமக்கு என்ன செஞ்சுடும்?"

"என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது. முட்டை தின்னாது" என்றாள் அஞ்சலை. "நகரு, நான் உட்காருறேன்."

நீதி: ஓட்டுக் கேட்டு வருகிறவர் நாளைக்கு என்ன தருவார் என்று பார்க்காதே, நேற்று எதைத் தின்று வளர்ந்தார் என்று பார்.